பேக்கேஜுக்குள் சிம்லிங்க்: முழுப்பாதை வைப்பதா, சார்புப்பாதை வைப்பதா?

கேகேநகர்_கோடு (காலை 9:12)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உபுண்டு (லினக்ஸ்) மெஷின், டெப் பேக்கேஜ் (மென்பொருளை இன்ஸ்டால் செய்யும் மூட்டை). பில் படிவங்கள் இருப்பது /யுஎஸ்ஆர்/ஷேர்/பூக்கணக்கு/படிவம் என்ற டைரக்டரியில். ஆனால் புரோகிராம் அவற்றை /வார்/லிப்/பூக்கணக்கு/படிவம் என்ற பெயரில்தான் தேடும். பழைய கோடு, அதில் கை வைக்க முடியவில்லை, அதனால் நடுவில் ஒரு சிம்லிங்க் (ஒரு பெயரில் தேடினால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடும் வழிகாட்டிப் பலகை மாதிரி).

முதல் வெளியீட்டில் அந்த லிங்க்கை முழுப்பாதையாக, அதாவது ரூட் (/) என்ற உச்சியிலிருந்து தொடங்கும் பாதையாக வைத்தேன். மேக்ஃபைலில் (கட்டும் கட்டளைகள் இருக்கும் ஃபைல்) லிங்க் போடும் வரியில் இரண்டு பக்கமும் டெஸ்ட்டைர் (கட்டும்போது ஃபைல்களைத் தற்காலிகமாக அடுக்கும் டைரக்டரி) எழுதிவிட்டேன், அதனால் லிங்க் போய் என் லேப்டாப்பில் இருக்கும் பில்ட் டைரக்டரியைக் காட்டியது. என்னிடம் அந்த டைரக்டரி இருந்ததால் இங்கே எல்லாம் சரியாக ஓடியது. கடையில் இன்ஸ்டால் செய்த அன்றுதான் தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் எல்லாமே சார்புப்பாதை, அதாவது இருக்கும் இடத்திலிருந்து எண்ணும் பாதை, ../../../யுஎஸ்ஆர்/ஷேர்/பூக்கணக்கு/படிவம் என்று. ஐந்து மாதம் ஒரு புகாரும் இல்லை.

போன வாரம் அந்தக் கடை மெஷினில் டிஸ்க் நிரம்பிவிட்டது. அங்கே சிஸ்டம் பார்க்கிற தம்பி இரண்டாவது டிஸ்க் ஒன்றை மாட்டி, /வார் முழுவதையும் /டேட்டா/வார் என்ற இடத்துக்கு நகலெடுத்து, பழைய /வார் இருந்த இடத்தில் ஒரு சிம்லிங்க் போட்டுவிட்டார். மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு போன். "படிவம் கிடைக்கவில்லை" என்று சொல்லி பில் வரவே இல்லை. முகூர்த்த நாள் வேறு, மல்லி மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏழு மணி வரைக்கும் துண்டுச்சீட்டில் கையால் எழுதியே ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு அன்று முழுக்க சோறு இறங்கவில்லை.

முழுப்பாதை வைத்தாலும் அடி, சார்புப்பாதை வைத்தாலும் அடி. எதை எங்கே வைப்பது என்று ஒரு முறை இருக்கிறதா?

---

தெப்பக்குளம் (காலை 9:50)

தம்பி, முறை இருக்கிறது. உபுண்டுவுக்கு மூலமான டெபியனின் கொள்கை ஆவணத்தில் சிம்லிங்க்குக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ரூட்டுக்கு நேர் கீழே இருக்கும் டைரக்டரிகளை (/யுஎஸ்ஆர், /வார், /ஈடிசி மாதிரி) அது மேல்மட்ட டைரக்டரி என்கிறது. லிங்க்கும் அது காட்டும் இடமும் ஒரே மேல்மட்ட டைரக்டரிக்குள் இருந்தால் சார்புப்பாதை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் முழுப்பாதை. /யுஎஸ்ஆர்/லிப் உள்ளேயிருந்து /யுஎஸ்ஆர்/ஷேர் போகிற லிங்க் ../ஷேர் என்று தொடங்க வேண்டும், /வார்/ரன் என்பது /ரன் என்று முழுசாக எழுதியிருக்க வேண்டும். உங்கள் லிங்க் /வாரிலிருந்து /யுஎஸ்ஆருக்குப் போகிறது. அது முழுப்பாதையாக இருந்திருக்க வேண்டிய லிங்க்.

ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் புரியாமல் விதியை மனப்பாடம் செய்தால் அடுத்த இடத்தில் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

நம் ஊர் வீதிக்கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. ஒருவரிடம் "ஒரு வீதி வெளியே போங்க, கடை அங்கே இருக்கு" என்கிறீர்கள். அவர் சித்திரை வீதியில் நின்றால் ஆவணி மூல வீதிக்குப் போவார், ஆவணி மூல வீதியில் நின்றால் மாசி வீதிக்குப் போவார். வழி சொன்னது ஒன்றுதான், நிற்கிற இடம் மாறினால் போய்ச் சேருகிற இடமும் மாறும். ../ என்றால் ஒரு வீதி வெளியே போ என்று அர்த்தம். முழுப்பாதை என்பது "மேல மாசி வீதி" என்று பெயர் சொல்லி அனுப்புவது.

இப்போது உங்கள் லிங்க்கைப் பாருங்கள். பெயரளவில் அது /வார்/லிப்/பூக்கணக்கு டைரக்டரிக்குள் இருக்கிறது. ஆனால் அந்த சிஸ்டம் தம்பி /வாரை மாற்றிய பிறகு அது உண்மையில் உட்கார்ந்திருக்கும் இடம் /டேட்டா/வார்/லிப்/பூக்கணக்கு. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ../ எண்ணத் தொடங்குவது அந்த உண்மையான இடத்திலிருந்துதான், நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்பது அதற்குக் கணக்கில்லை. மூன்று படி ஏறினால் /டேட்டா. அங்கே யுஎஸ்ஆர் எங்கே இருக்கிறது?

இதில் பலரும் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. பாஷ் ஷெல்லில் (நாம் கட்டளை அடிக்கும் புரோகிராம்) டைரக்டரி மாறும் கட்டளையான சிடி .. போட்டால் அது வந்த வழியிலேயே திரும்பிவிடும், ஏனென்றால் ஷெல் நீங்கள் வந்த பாதையை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். பட்டியல் காட்டும் எல்எஸ் .. போட்டுப் பாருங்கள், உண்மையான மேல் டைரக்டரி வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் பிடபிள்யூடி -பி (பெரிய பி) போடுங்கள், நிற்கிற உண்மையான இடத்தைக் காட்டும்.

---

பரங்குன்றம்_மாணவி (காலை 10:31)

அண்ணே, நான் இறுதியாண்டு படிக்கிறேன், புராஜெக்டுக்காக இப்போதுதான் பேக்கேஜ் கட்டக் கற்றுக்கொள்கிறேன். எனக்கு இதற்கு முந்தின படியிலேயே குழப்பம். எல்என் -எஸ் (சிம்லிங்க் உருவாக்கும் கட்டளை) போடும்போது நான் நிற்கிற டைரக்டரியிலிருந்து சார்புப்பாதை எழுத வேண்டுமா, லிங்க் உட்காரப் போகிற டைரக்டரியிலிருந்தா? நான் நிற்கிற இடத்திலிருந்து எழுதினால் எல்லா லிங்க்கும் எல்எஸ்ஸில் சிவப்பாக, அதாவது உடைந்ததாக வருகிறது.

---

மேலூர்_சில்லு (காலை 11:05)

லிங்க் உட்காரப் போகிற டைரக்டரியிலிருந்து எழுதணும் தங்கச்சி. உன் மேல் தப்பில்லை, எல்என் கட்டளையைப் பார்த்தால் நகலெடுக்கும் சிபி மாதிரியே இருக்கும், அதனால் முதலில் தருவது ஒரு ஃபைல் என்று மனசு நினைத்துக்கொள்கிறது. அது ஃபைலே இல்லை, வெறும் எழுத்து. நீ என்ன எழுதித் தருகிறாயோ அதை அப்படியே லிங்க்குக்குள் வைத்துவிடும். அப்படி ஒரு ஃபைல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது.

உன் மெஷினிலேயே பார்க்கலாம். எல்எஸ் -எல்டி /பின் என்று அடி. இப்போதைய டெபியனிலும் உபுண்டுவிலும் /பின் என்பது ஒரு சிம்லிங்க், யுஎஸ்ஆர்/பின் என்று காட்டும், முன்னால் சாய்கோடு இருக்காது. அந்த வரியில் அளவு என்று ஒரு எண் வரும் பார், 7. யு, எஸ், ஆர், ஒரு சாய்கோடு, பி, ஐ, என். எண்ணினால் ஏழு. லிங்க்கின் அளவு என்பது அதற்குள் இருக்கும் எழுத்தின் பைட் கணக்கு, அவ்வளவுதான். முழுப்பாதையாக இருந்தால் 8 வந்திருக்கும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் எல்என் குழப்பம் போய்விடும்.

எண்ணி எழுதப் பயமாக இருந்தால் எல்என் -எஸ்ஆர் போடு. 2012-இல் வந்த கோர்யூட்டில்ஸ் (இந்த அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) 8.16-லிருந்து அந்த -ஆர் இருக்கிறது. நிற்கிற இடத்திலிருந்து சாதாரணமாகப் பாதை கொடுத்தால் போதும், ../ எத்தனை என்று அதுவே கணக்குப் போடும். ஆனால் ஒன்று, காட்டுகிற இடமே இன்னொரு சிம்லிங்க்காக இருந்தால் அது அதையும் அவிழ்த்துக் கடைசி ஃபைலுக்குப் போய்விடும். லைப்ரரிகளில் .எஸ்ஓ என்பது .எஸ்ஓ.1-ஐக் காட்டும், அது .எஸ்ஓ.1.2.3-ஐக் காட்டும் இல்லையா, அந்தச் சங்கிலியில் -ஆர் போட்டால் நடுக்கண்ணி விட்டுப்போகும். ஒரே டைரக்டரிக்குள் இருக்கும் ஃபைலுக்கு -ஆர் எதற்கு? பெயரை மட்டும் எழுது.

கேகேநகர் அண்ணே, சார்புப்பாதை பற்றி நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். நான் ராஸ்பெரி பைக்கு (சின்ன கம்ப்யூட்டர் போர்டு) கிராஸ் கம்பைல் செய்கிறவள், அதாவது அதில் ஓட வேண்டிய புரோகிராமை என் லேப்டாப்பில் கட்டுகிறவள். பையிலிருக்கும் /யுஎஸ்ஆர், /லிப் இரண்டையும் லேப்டாப்புக்கு ஆர்சிங்க் போட்டு நகலாக இழுத்து சிஸ்ரூட்டாக (பையின் ஃபைல் மரத்தின் நகல்) வைத்துக்கொள்வேன். அதற்குள் முழுப்பாதையில் இருக்கும் ஒவ்வொரு லிங்க்கும் எனக்கு ஒரு முள். பையின் கணித லைப்ரரியை லிங்கர் (லைப்ரரிகளைப் புரோகிராமோடு இணைக்கும் கருவி) தேடும், லிங்க் /லிப்/... என்று சொல்லும், லிங்கர் என் லேப்டாப்பின் /லிப்புக்குப் போய்விடும். அங்கே ஃபைல் இல்லையென்றால் பிழை காட்டும், அது பரவாயில்லை. அதே பெயரில் இன்டெல்லுக்கான ஃபைல் இருந்தால் வருகிற பிழைச்செய்தி எங்கோ இழுத்துக்கொண்டு போகும். எனக்கு முதல் தடவை ஒரு நாள் முழுக்கப் போனது. இந்த ஒரு வேலைக்காகவே யோக்டோவில் (சின்ன போர்டுகளுக்கு லினக்ஸ் கட்டும் திட்டம்) முழுப்பாதை லிங்க்குகளைச் சார்பாக மாற்றும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். டெபியனில் சிம்லிங்க்ஸ் என்றே ஒரு சின்னக் கருவி இருக்கிறது, -சி கொடுத்தால் அதுவும் மாற்றித் தரும். அதனால் /யுஎஸ்ஆருக்குள்ளேயே சுற்றும் லிங்க்கை யாராவது முழுப்பாதையாகக் கட்டிக் கொடுத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

---

வண்டியூர்_ஆர்பிஎம் (மதியம் 1:20)

எல்லோரும் டெபியன் விதியை வேதம் மாதிரி சொல்கிறீர்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் பேக்கேஜிங் வழிகாட்டியில் இரண்டில் எதுவும் கட்டாயம் இல்லை, கட்டுபவர் யோசித்து முடிவு செய்யட்டும் என்றுதான் இருக்கிறது. அதற்காக யாரும் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவதில்லை, ஆர்பிஎம்லிண்ட் என்ற சோதனைக் கருவி முழுப்பாதை லிங்க்கைப் பார்த்தால் சிஹெச்ரூட்டில் (ஒரு டைரக்டரியையே ரூட்டாக வைத்து உள்ளே வேலை செய்வது) தொல்லை வரும் என்று சொல்லி எச்சரிக்கை கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

என் பக்கம் நேராகச் சொல்கிறேன். /வாரை யாரோ சிம்லிங்க்காக மாற்றினால் அது அவர் செய்த தவறு. இரண்டாவது டிஸ்க்கை நேராக /வார் மீதே மவுன்ட் செய்திருந்தால் (அந்த டைரக்டரியாகவே பொருத்தியிருந்தால்) இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. மவுன்ட்டில் .. போட்டால் ஒழுங்காக ரூட்டுக்கே வரும், பைண்ட் மவுன்ட்டிலும் (ஒரு டைரக்டரியை இன்னொரு இடத்தில் பொருத்துவது) அப்படித்தான். தன் டிஸ்க்கை இப்படிப் பிரித்த ஒருவருக்காக எல்லாப் பேக்கேஜிலும் முழுப்பாதை வைக்க வேண்டுமா?

---

தெப்பக்குளம் (மதியம் 2:02)

மவுன்ட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கேகேநகர் தம்பி, அந்தக் கடையில் அதையே செய்யச் சொல்லுங்கள்.

ஆனால் "அவர் தவறு" என்பதை நான் ஏற்க மாட்டேன். மெஷின் அவருடையது. இடம் போதாத வீட்டில் பீரோவைத் தூக்கிப் பக்கத்து அறையில் வைக்கிற மாதிரி, டிஸ்க் நிரம்பினால் ஒரு மேல்மட்ட டைரக்டரியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்து லிங்க் போடுவது யூனிக்ஸில் காலம்காலமாக நடப்பதுதான். சிம்லிங்க் 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வெளியீட்டோடு வந்தது, அன்றிலிருந்து ஆட்கள் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். பேக்கேஜ் கட்டுகிற நாம்தான் அதற்குத் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும். நாலு மணிக்குப் பூக்கடையில் நிற்பவருக்கு யார் தவறு என்பதா கவலை?

---

உசிலை_ஓரம் (மாலை 4:45)

முழுப்பாதை வைத்து நான் வாங்கிய அடியையும் சொல்கிறேன், அப்போதுதான் கணக்கு சரியாகும்.

எங்கள் ஆபீஸ் மென்பொருளில் அமைப்பு ஃபைல் /ஆப்ட்டுக்குள் இருக்கும், /ஈடிசியில் அதற்கு ஒரு லிங்க், முழுப்பாதையில். மேல்மட்டம் தாண்டுகிறது, டெபியன் விதிப்படி சரிதான். ஒரு வாடிக்கையாளர் மெஷின் பூட் ஆகவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வந்து என் மெஷினில் மாட்டி /எம்என்டியில் மவுன்ட் செய்து, /எம்என்டி/ஈடிசி உள்ளே இருந்த அந்த அமைப்பு ஃபைலைத் திறந்து, பிரிண்டர் பெயரையும் டேட்டாபேஸ் முகவரியையும் மாற்றிச் சேமித்தேன். ஒரு பிழையும் வரவில்லை. டிஸ்க்கைக் கொண்டுபோய் உசிலம்பட்டியில் அவர் கடையில் மாட்டினால் எல்லாம் பழையபடியே இருக்கிறது. திரும்பி வந்து பார்க்கிறேன், மாறியிருப்பது என் மெஷினின் ஃபைல்! என்னிடமும் அதே மென்பொருள் அதே இடத்தில் இருந்ததால் லிங்க் நேராக என் /ஆப்ட்டுக்கு வந்திருக்கிறது. போக வர பஸ்ஸில் ஒரு நாள் போச்சு, என் டெஸ்ட் டேட்டாபேஸும் குழம்பிப் போச்சு.

அதனால் எனக்கு டெபியன் விதி பாதிதான் சரி என்று படுகிறது. மெஷினில் ஓடுவது எந்த லினக்ஸ் என்று சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைப் பாருங்கள். /ஈடிசியில் இருப்பது ../யுஎஸ்ஆர்/லிப்/ஓஎஸ்-ரிலீஸ் என்ற சார்புப்பாதை லிங்க். மேல்மட்டம் தாண்டுகிறது, ஆனாலும் சார்புதான். சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) கையேட்டிலேயே அது சார்பாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் சிஹெச்ரூட்டிலும் இனிட்ஆர்டியிலும் (பூட் ஆகும்போது வரும் தற்காலிக ஃபைல் மரம்) உடைந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். /ஈடிசி/எம்டேப் லிங்க்கும் ../ப்ராக்/செல்ஃப்/மவுன்ட்ஸ் என்றுதான் போகிறது. இவர்களெல்லாம் விதி தெரியாதவர்களா?

---

தெப்பக்குளம் (இரவு 8:15)

நல்ல கேள்வி. மாலை நடை போகும்போது தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டே இதைத்தான் யோசித்தேன்.

சார்புப்பாதையை உடைப்பது ஒன்று, முழுப்பாதையை உடைப்பது வேறொன்று. மரத்தின் ஒரு கிளை மட்டும் தனியாக வேறு இடத்துக்குப் போனால், அந்தக் கிளையிலிருந்து வெளியே போகும் சார்புப்பாதை உடையும். கேகேநகர் தம்பிக்கு நடந்தது அது. மரம் முழுதாக வேறு இடத்தில் நடப்பட்டு வெளியிலிருந்து பார்க்கப்பட்டால் (/எம்என்டி, சிஸ்ரூட், கன்டெய்னர் இமேஜ்) முழுப்பாதை உடையும். மேலூர்த் தங்கச்சிக்கும் உசிலைத் தம்பிக்கும் நடந்தது அது.

ஆகவே, லிங்க் போடும்போது நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த இரண்டு முனையும் எப்போதும் சேர்ந்தே நகருமா, தனித்தனியாக நகர வாய்ப்பு உண்டா? /யுஎஸ்ஆர்/லிப்பும் /யுஎஸ்ஆர்/ஷேரும் சேர்ந்தே நகரும், சார்பு வையுங்கள், யோசனையே வேண்டாம். /வார், /ஆப்ட், /எஸ்ஆர்வி, /ஹோம் எல்லாம் நிர்வாகிகள் அடிக்கடி வேறு டிஸ்க்குக்குத் தள்ளுகிற இடங்கள், அங்கிருந்து வெளியே போகும் லிங்க் முழுப்பாதை. /ஈடிசியைத் தனியாகத் தூக்கி வேறு இடத்தில் வைப்பவரை நான் பார்த்ததில்லை, பூட் ஆகும்போதே அது வேண்டும். அதனால்தான் ஓஎஸ்-ரிலீஸ் சார்பாக இருந்தும் நிற்கிறது. உங்கள் /ஈடிசி லிங்க்கையும் அப்படி வைக்கலாம் என்பது என் கருத்து, ஆனால் டெபியனுக்குள் போகிற பேக்கேஜ் என்றால் விதிப்படியே செய்யுங்கள். அங்கே ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்தால் ஆயிரக்கணக்கான பேக்கேஜ் ஒரே மாதிரி நடக்காது.

இன்னொன்று, வேறு மெஷின் டிஸ்க்கை /எம்என்டியில் வைத்து ஃபைல் திருத்தும்போது சிஹெச்ரூட் போட்டு உள்ளே போய்த் திருத்துங்கள். உள்ளே போய்விட்டால் முழுப்பாதை லிங்க் அந்த டிஸ்க்குக்குள்ளேயே நிற்கும்.

---

உசிலை_ஓரம் (இரவு 8:40)

"சேர்ந்தே நகருமா" என்று கேட்டால் எனக்குப் பாதை தெளிவாகிவிட்டது அண்ணே. அந்த லிங்க்கை அடுத்த வெளியீட்டில் ../ஆப்ட்/... என்று மாற்றுகிறேன். அந்த மென்பொருளில் /ஆப்ட் நகர்ந்தாலும் /ஈடிசி நகராது, லிங்க் இருப்பது /ஈடிசியில், அதனால் ../ எண்ணிக்கை கெடாது. இல்லையா?

---

தெப்பக்குளம் (இரவு 8:52)

சரியாகப் பிடித்தீர்கள். லிங்க் உட்கார்ந்திருக்கும் பக்கம் நகர்ந்தால்தான் ../ கெடும். அது போய்ச் சேரும் பக்கம் சிம்லிங்க்காக மாறினாலும் கர்னல் அதைப் பின்தொடர்ந்து போய்விடும்.

---

பரங்குன்றம்_மாணவி (இரவு 9:30)

ஒரு சின்ன சந்தேகம். ரூட்டில் .. போட்டாலும் ரூட்டிலேயே நிற்கும் என்று படித்தேன். அப்படியென்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் ../../../../../../யுஎஸ்ஆர் என்று தாராளமாகப் போட்டுவிட்டால்? கேகேநகர் அண்ணன் லிங்க் அப்படி இருந்திருந்தால் உடைந்திருக்காதே.

---

மேலூர்_சில்லு (இரவு 9:48)

ஓடும், அதுதான் அதன் ஆபத்தே. என் சிஸ்ரூட்டுக்குள் அந்த லிங்க் வந்தால் கூடுதலாகப் போட்ட ../ எல்லாம் சிஸ்ரூட்டின் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய் என் லேப்டாப் ஃபைலைத் தொடும். சார்புப்பாதை மாதிரி தெரியும், நடத்தை முழுப்பாதையை விட மோசம், எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது. ரூட்டுக்கு மேலே ஏறுகிற லிங்க்கை டெபியன் கொள்கையும் கூடாது என்கிறது. எண்ணி எழுது தங்கச்சி, இரண்டு நிமிஷ வேலை.

---

கேகேநகர்_கோடு (மறுநாள், காலை 11:40)

எல்லோருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன், பின்னால் யாராவது தேடி வந்தால் உதவும்.

இத்தனை நாள் டைரக்டரியைக் கையால் அடுக்கி டிபிகேஜி-டெப் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது டெப்ஹெல்ப்பருக்கு (பேக்கேஜ் கட்ட உதவும் கருவிகளின் தொகுப்பு) மாறிவிட்டேன். டெபியன் டைரக்டரிக்குள் பூக்கணக்கு.லிங்க்ஸ் என்று ஒரு ஃபைல், அதில் ஒரே வரி: எதைக் காட்ட வேண்டும், லிங்க் எங்கே இருக்க வேண்டும். அதிலிருக்கும் டிஹெச்_லிங்க் மேல்மட்டம் தாண்டுவதைப் பார்த்து முழுப்பாதையாக அதுவே எழுதிவிட்டது. உள்ளே இருந்த இன்னும் இரண்டு லிங்க் (இரண்டும் /யுஎஸ்ஆருக்குள்ளேயே சுற்றுபவை, மாற்ற மறந்து முழுப்பாதையிலேயே விட்டிருந்தேன்) தானாகச் சார்பாக மாறிவிட்டன. டெஸ்ட்டைர் என்று என் கையால் எழுதவே வேண்டியதில்லை.

கட்டி முடித்ததும் பேக்கேஜ் மரத்துக்குள் ஃபைண்ட் போட்டு -எல்நேம் '/*' கொடுத்தேன், முழுப்பாதை லிங்க் எல்லாம் பட்டியலாக வந்தது, எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றுதான். இன்ஸ்டால் செய்தபின் -எக்ஸ்டைப் எல் கொடுத்து உடைந்த லிங்க் எதுவும் இல்லை என்றும் பார்த்துக்கொண்டேன். /வாரை சிம்லிங்க்காக மாற்றிய ஒரு விர்ச்சுவல் மெஷின் இனிமேல் சோதனைக்கென்று தனியாக இருக்கும்.

நேற்று இரவு கடைக்குப் போய் புதிய பேக்கேஜைப் போட்டேன். இன்று விடிகாலை மூன்றரைக்கே போய் உட்கார்ந்துகொண்டேன், முதல் பில் வெளியே வரும் வரை கை நடுங்கியது. வந்துவிட்டது. அந்தச் சிஸ்டம் தம்பியிடம் மவுன்ட் பற்றிச் சொன்னேன், அவருக்கும் சம்மதம், அடுத்து மார்க்கெட் லீவு விடுகிற நாளில் மாற்றித் தருகிறேன் என்றார்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. இன்னொரு கடையில் மிகப் பழைய வெளியீடு ஓடுகிறது, அங்கே /வார்/லிப்/பூக்கணக்கு/படிவம் லிங்க்கே இல்லை, நிஜ டைரக்டரி. அதன் மேல் இந்தப் புதிய பேக்கேஜைப் போட்டால் லிங்க் வருமா?

---

தெப்பக்குளம் (மதியம் 12:10)

வராது. டைரக்டரி இருக்கும் இடத்தில் டிபிகேஜி (பேக்கேஜை இன்ஸ்டால் செய்யும் கருவி) தானாக சிம்லிங்க் வைக்காது, பழைய டைரக்டரியை அப்படியே விட்டுவிடும், பிழையும் காட்டாது. டிபிகேஜி-மெயின்ட்ஸ்கிரிப்ட்-ஹெல்ப்பரில் டிர்_டு_சிம்லிங்க் என்று ஒரு கட்டளை அதற்கென்றே இருக்கிறது. டெபியன் டைரக்டரிக்குள் பேக்கேஜ் பெயரோடு .மெயின்ட்ஸ்கிரிப்ட் என்று ஒரு ஃபைல் வைத்து அதில் ஒரு வரி எழுதினால் டெப்ஹெல்ப்பர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். போடுவதற்கு முன்னால் அந்த டைரக்டரிக்குள் கடைக்காரர் தானாகச் சேர்த்த படிவம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து, இருந்தால் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.